வேம்புலியும் முப்பது கேள்விகளும்

வேம்புலி யாரையும் நம்பமாட்டார். பால்காரரை நம்பமாட்டார், பஸ் கண்டக்டரை நம்பமாட்டார், தான் வேலை பார்த்த கல்லூரியின் ஆபீஸ் சுவரில் தொங்கிய கடிகாரத்தைக்கூட நம்பமாட்டார். அங்கே அவர் அட்டெண்டர். மணி அடிப்பதும் அவர் வேலைதான். ஆபீஸ் கடிகாரம் என்ன காட்டினாலும் சரி, அம்பத்தூர் பக்கமிருந்து கம்பெனிச் சங்கு ஊதுவது காதில் விழுந்தபிறகுதான் மணியில் கை வைப்பார். கேட்டால், "கடியாரத்துக்கு சாவி குடுக்கறது ஹெட்கிளார்க்கு. அந்தாளுக்கு எப்ப ஊட்டு நெனப்பு வர்தோ அப்ப அஞ்சு மணி ஆவும். சங்குக்கு இன்னா ஊடா, வாசலா?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் 1973 டிசம்பரில் நான் போய் மாட்டிக்கொண்டேன். அவர் என்னிடம் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

என் பெயர் பரந்தாமன். அப்போது இருபத்துநாலு வயது. மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம், ஆறு நாடுகளின் கல்லூரி மாணவர்களுடைய மன உளைச்சலை ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கப் புறப்பட்டிருந்தது. அளவுகோல் என்றால் முப்பது கேள்விகள் அச்சடித்த ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'எப்போதும்', 'சில சமயம்', 'ஒருபோதும் இல்லை' என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் போடவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மனசு எவ்வளவு நொந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். கேள்விகளை எங்கள் பேராசிரியர்தான் தமிழாக்கியிருந்தார். 'கடந்த ஒரு மாத காலத்தில் தாங்கள் உறக்கமின்மையால் அவதியுற்றதுண்டா?' என்று முதல் கேள்வி ஆரம்பிக்கும். அவர் வீட்டிலேயே யாரும் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பெரிய காரியத்தில் கை வைக்கிறோம் என்ற மிதப்பில் இருந்தேன்.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருந்த அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பி.யு.சி. வகுப்பில் எண்பது பேர். பாதிப் பேர் கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் அதே வட்டாரத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மீதிப் பாதி அந்த வயல்களின் சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அளப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று பேராசிரியர் துள்ளினார்.

நான் சைக்கிளோஸ்டைல் மை வாசனை மாறாத தாள்கட்டோடு போய் இறங்கிய அன்றே கல்லூரி முழுக்கக் கிசுகிசு பரவிவிட்டது. வெள்ளைக்காரன் உளவு பார்க்கிறான் என்றது ஒரு கூட்டம். யார் யார் ஊர்வலத்தில் கல் விட்டார்கள் என்று போலீஸ் கண்டுபிடிக்கப் பார்க்கிறது என்றது இன்னொன்று. தப்பாக டிக் போட்டால் நேரே கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் கடைசியில் கருத்துக் கேட்டது வேம்புலியிடம். சந்தேகம் என்று வந்துவிட்டால் அந்தக் கல்லூரியில் அவரைவிடப் பெரிய அதிகாரி கிடையாது.

அவருடைய சந்தேகத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அவர் சொல்லிப் பின்னால் தெரிந்துகொண்டேன். அவருடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் ஒரு பண்ணையில் கூலியாக இருந்தவர். ஒருநாள் பண்ணைக்காரர் வரப்பில் நிற்கவைத்தே ஒரு தாளை நீட்டி, மதகு வேலைக்கு ஆள் கணக்கு என்று சொல்லி விரல் மை வாங்கிக்கொண்டார். ஒன்பது வயது வேம்புலிதான் வாய்க்கால் தண்ணீரில் அப்பாவின் கட்டைவிரலைத் தேய்த்துக் கழுவிவிட்டாராம். அடுத்த அமாவாசைக்குள் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளில் இருந்தது, மனை எனக்குச் சொந்தமில்லை, விட்டுவிடுகிறேன் என்ற வாசகம். குடும்பம் சட்டி பானையோடு ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. "மையி போச்சு சார், ஊடும் போச்சு" என்பார் வேம்புலி.

அதனால் எந்தத் தாள் வந்தாலும் அவரிடம் இரண்டு சட்டங்கள். முதலாவது, கஷ்டம் கேட்கிற தாள் என்றால் கஷ்டத்தைக் கூட்டி எழுதவேண்டும். குறைத்து எழுதினால் குறைத்துத்தான் கொடுப்பான். ரேஷன் கார்டு, ஃபீஸ் சலுகை, பட்டா மனு என்று தெருவில் எல்லோருக்கும் அவர்தான் அப்படி எழுதிக்கொடுத்து வாங்கிக்கொடுத்திருந்தார். இரண்டாவது, எண் போட்ட தாள் என்றால் உன் எண்ணே உன் கைக்கு வரும்படி விடக்கூடாது.

அவருக்கு ஒரே மகள், சொர்ணம். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவள் படித்த சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். அதே கல்லூரியில், அதே பி.யு.சி. வகுப்பில்தான் அவளும் இருந்தாள். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பியூன் மகள் என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக, "காலேஜுல என்னியப் பாத்தா தெரியாத மாரி போய்கினே இரு" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். அவளும் அப்படியே செய்தாள். ஆறு மாதமாக அப்பாவும் மகளும் ஒரே வராந்தாவில் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் கடந்துகொண்டிருந்தார்கள். முத்தாபுதுப்பேட்டையிலோ கதை வேறு. "எங்க டாக்டரம்மா" என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. வேம்புலி கூப்பிட வைத்திருந்தார்.

தாளை நிரப்பிய நாளன்று பரீட்சை ஹாலில் எண்பது பேரும் ரோல் நம்பர் வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பெண்கள் பதினாறு பேர். அறுபத்தைந்து முதல் எண்பது வரை கடைசி பெஞ்சுகளில். தாள்களிலும் ஒன்று முதல் எண்பது வரை நம்பர். ஒன்றாம் நம்பர் தாள் முதல் ரோலுக்கு, இரண்டாவது இரண்டுக்கு. தாளில் பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. பெயர்ப் பட்டியல் ஒட்டிய உறைக்குள் பேராசிரியரின் பீரோவில் இருந்தது.

நான் மேடைமேல் ஏறி, "நீங்கள் எழுதுவது யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தைரியமாக உண்மையை எழுதுங்கள்" என்று முழங்கினேன். தாள்கட்டை வேம்புலி கையில் கொடுத்து, வரிசைப்படி கொடுத்துக்கொண்டே போங்கள் என்றேன். அவர் வாசற்பக்கம் திரும்பி நின்று கட்டைத் தட்டி நேராக்கினார். சரிசெய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால், உபரியாகக் கொண்டுவந்து மேடைமேல் தனியாக வைத்திருந்த நம்பர் போடாத ஐந்து தாள்களில் நாலுதான் இருந்தது. மிச்சத் தாள் வெளியே போகக்கூடாது என்பது ஆறு நாட்டுக்கும் பொதுவான விதி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பிள்ளைகள் இன்னும் கலையவில்லை. அவர்கள் முன்னாலேயே, "வேம்புலி, தாளைத் திருடினீங்களா?" என்று கத்தினேன்.

"நல்லா எண்ணிப் பாரு சார்" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"நாலு தடவை எண்ணியாச்சு. நீங்க ஒருத்தர்தான் தாளைத் தொட்டது."

"அப்ப அஞ்சாவது தபா எண்ணு."

பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டதை நான் கவனிக்கவில்லை. பெற்ற அப்பனை எண்பது பேர் நடுவில் ஒருவன் திருடன் என்கிறான். அவள் யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கவேண்டும். இப்போது நினைத்தாலும் என் காது சுடுகிறது.

மூன்று வாரம் கழித்து, ஜனவரியில்தான் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் பத்துத் தாளிலேயே ஏதோ இடித்தது. நாற்பது தாள்களில் எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்'. தூக்கமில்லை எப்போதும், பசியில்லை எப்போதும், தலைவலி எப்போதும், அழுகை எப்போதும். உலகத்திலேயே இப்படி ஒரு துக்கம் பிடித்த கூட்டம் இருக்கமுடியாது. முப்பத்தொன்பது தாள்களில் எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. அவர்கள் ஜன்மத்தில் ஒருநாள்கூடத் தூக்கம் கெட்டவர்கள் இல்லை. இரண்டு கூட்டமும் என்னைச் சுத்தமாக ஏமாற்றியிருந்தன. முதல் கூட்டம் இது ஏதோ உதவித்தொகை மனு என்று நினைத்தது; அது வேம்புலியின் கைங்கரியம். இரண்டாவது கூட்டம், பைத்தியம் என்று பெயர் வந்தால் கல்யாணமும் உத்தியோகமும் போய்விடும் என்று நினைத்தது. அது அவரவர் வீட்டுப் புத்திமதி.

ஆனால் முதல் கூட்டத்தின் நாற்பது தாளிலும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் டிக் இல்லை. இருபத்தேழாவது. 'வாழ்வதைவிட இறந்துபோவது மேல் என்று தங்களுக்குத் தோன்றுவதுண்டா?' சலுகை கிடைக்கும் என்றால் எந்த வியாதியையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள், தன் சாவைத் தன் கையால் எழுதமாட்டோம் என்று அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாம். அது கை தானாகச் செய்கிற காரியம்.

நாற்பதும் முப்பத்தொன்பதும் எழுபத்தொன்பது. எண்பதாவதாகக் கையில் வந்தது பதினேழாம் நம்பர் தாள். அதில் விடைகள் கலந்து இருந்தன. பசி, சில சமயம். தலைவலி, ஒருபோதும் இல்லை. தூக்கமின்மை, எப்போதும். 'வகுப்பில் சொல்வது புரியாமல் தவிப்பதுண்டா' என்பதில் முதலில் 'சில சமயம்' போட்டு, அடித்துவிட்டு, 'எப்போதும்' என்று மாற்றியிருந்தது. மொத்தக் கட்டிலும் யோசித்து எழுதிய ஒரே தாள் அதுதான். இருபத்தேழாவது கேள்விக்கு டிக் இருந்தது. 'எப்போதும்' கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்தமாக.

எழுதி மூன்று வாரமாகியிருந்தது. பேராசிரியரிடம் ஓடினேன். பெயரைப் பார்க்கக்கூடாது, அப்புறம் ஆராய்ச்சியை யார் நம்புவார்கள் என்றார். "செத்துப்போனால் நம்புவார்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பீரோ திறந்துதான் இருந்தது. நானே உறையை எடுத்துக் கிழித்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று மேடைமேல் நின்று முழங்கிய அதே பரந்தாமன்தான். பதினேழு, ஆனந்தன், காட்டுப்பாக்கம் என்றிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே காட்டுப்பாக்கம் போய் இறங்கினேன். பெரிய வீடு. ஆனந்தனின் அப்பா ராஜசேகரன் களத்தில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் பையன் மனசு எப்படி இருக்கிறது என்று நான் மென்று முழுங்கிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"யாருய்யா நீ? எம் புள்ளைக்குப் பைத்தியம்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியறியா? வர்ற தை முடியறதுக்குள்ள மூத்தவனுக்கு நிச்சயம் வெச்சிருக்கேன். எவன் அனுப்பிச்சான் உன்னை?"

சத்தம் கேட்டு ஆனந்தன் உள்ளேயிருந்து ஆப்பிள் மாதிரிக் கன்னத்தோடு வந்தான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். "சார், நான் எல்லாத்துக்கும் இல்லைன்னுதானே போட்டேன்? அப்பாதான் அப்படிப் போடச் சொன்னாரு" என்றான்.

"பதினேழாம் நம்பர் தாள் உன்னுடையதில்லையா?"

"என் ரோல் நம்பர்தான் பதினேழு. தாள்ல நாப்பத்தேழுன்னு இருந்துது. மாறிப்போச்சுன்னு வேம்புலிகிட்ட சொன்னேன். மூடிக்கினு எழுதுன்னாரு."

ராஜசேகரன் நாயை அவிழ்த்துவிடுவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஏதோ ஒரு பிள்ளை சாகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அது யார் என்று அந்தச் சந்தேகப் பிராணி ஒருவனுக்குத்தான் தெரியும். திருடனிடம் போய்க் கெஞ்சவேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

கல்லூரிக்கு அரைநாள். நான் போனபோது பிள்ளைகள் போய்விட்டார்கள். வேம்புலி வகுப்பறைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தாளையெல்லாம் மாற்றிக் கொடுத்தீங்களா?"

"எந்தத் தாளு?"

"நடிக்காதீங்க. ஆனந்தனுக்கு நாற்பத்தேழு போயிருக்கு."

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "யாராலயும் கண்டுபுடிக்க முடியாதுன்னு மேடைல நின்னுகினு சொன்னியே சார். இப்ப இன்னாத்துக்கு ஒவ்வொரு ஊடா போய்கினு கீற?"

அவர் சொன்னது முழுக்க நியாயம்.

"போலீசா? இல்ல அந்த வெள்ளக்காரனா? யாருக்குப் பேரு வோணுமாம்?"

"எனக்குத்தான் வேணும். பதினேழாம் நம்பர் யாருன்னு சொல்லுங்க, போதும். அந்தப் பிள்ளை சாகணும்னு எழுதியிருக்கு."

வேம்புலி சிரித்தார். "பேரு வாங்கறதுக்கு நல்லாத்தான் கத கட்ற. எங்கப்பன்கிட்ட மதகு வேலைன்னு சொன்னான். நீ சாவுன்னு சொல்றே."

நான் பையிலிருந்து தாளை எடுத்து அவர் கையில் திணித்தேன். அதையும் செய்யக்கூடாது என்பது விதி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, மறுபடி முன்பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்தார். இருபத்தேழாவது கேள்வியில் அவர் விரல் நின்றது. அந்த அழுத்தமான டிக்கை விரலால் தடவிப் பார்த்தார். தாளின் மறுபக்கம் புடைத்திருந்ததையும் தடவினார். கதை கட்டுகிறவன் இவ்வளவு அழுத்தமாட்டான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"கட்டத் திருப்பி மேல இருந்து முப்பது தாள எட்த்து அடில வெச்சேன் சார்" என்றார் மெதுவாக. "ரோலு ஒண்ணுக்கு முப்பத்தொண்ணு. அவ்ளோதான். உங்க நோட்டுல வேற பேரு வரும்ல, ஒரு புள்ளையும் மாட்டாதுன்னு செஞ்சேன்."

"அப்ப பதினேழு யாருக்குப் போச்சு?"

அவருக்குக் கணக்கு வாயில் வராது. சாவிக்கொத்தோடு பரீட்சை ஹாலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு இடத்தையும் கையால் தட்டி, "முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அன்று தாள் கொடுத்த அதே நடை. எண்பது சொன்னபோது ஆண்கள் வரிசையில் ஐம்பதாவது இடம். அதற்கடுத்து மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன். பதினாலோடு ஆண்கள் முடிந்தார்கள். பெண்கள் பெஞ்சு வந்தது. பதினஞ்சு. பதினாறு.

மூன்றாவது இடத்தில் கையை வைத்தார். நம்பரைச் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"இங்கே யார் உட்கார்ந்தது?" என்றேன்.

இன்னொரு தடவை கேட்டேன்.

"எம் பொண்ணு சார்."

மகள் அங்கே படிக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பெஞ்சின்மேல் உட்காரப் போய், உட்காராமல், திரும்பி ஓடினார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபோதுதான் நான் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. "ஏறு சார்" என்றார். பின்னால் ஏறிக்கொண்டேன். முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் அவர் எழுந்து நின்றே பெடலை மிதித்தார். எதிர்க்காற்றில் அவர் மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது. தெரு முனையில் யாரோ, "இன்னா வேம்புலிண்ணே, டாக்டரம்மா அப்பா, இன்னா அவசரம்?" என்று கேட்டார்கள். அவர் காதில் அது விழவில்லை.

வாசலில் அவர் மனைவி கன்னியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொர்ணம் எங்க?"

"துணி தொவைக்க ஏரிக்குப் போச்சு. இன்னிக்கி காலேஜுக்குப் போவல, காலீலயே போனது. இன்னாய்யா, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?"

வேம்புலி சைக்கிளைக் கீழே போட்டார். ஏரிப்பக்கம் திரும்பினார். நானும் கூடவே ஓடினேன். எனக்கு அப்போது ஆறு நாடும் மறந்துபோயிருந்தது. தெரு முடிகிற இடத்தில், பாவாடையை ஒரு பக்கம் சொருகிக்கொண்டு, ஈரத்துணி நிறைந்த அலுமினியக் குண்டானை இடுப்பில் வைத்தபடி அவள் எதிரே வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

அவர் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "இம்மா நேரம் இன்னா பண்ணிகினு இருந்தே?" என்று அதட்டினார். குரல் உடைந்துவிட்டது. அவள் பயந்துபோய், "நாலு போர்வை இருந்துச்சு நைனா" என்றாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. குண்டானை இறக்கி வைத்தாள்.

வீட்டுக்குள் போனோம். கன்னியம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வேம்புலி மகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பிறந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் சாப்பிட்டாயா, படித்தாயா, போ, வா என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்கவேண்டியதைக் கேட்க அவரிடம் வார்த்தை இல்லை. மனோதத்துவம் படித்த என்னிடமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் எழுந்துபோய் மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். பட்டா மனு நகல், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தார். எனக்கு உடனே தெரிந்தது.

"காணாம போச்சே அந்தத் தாளு. நான்தான் எட்த்தேன் சார். இன்னா எய்தி வாங்கறீங்கன்னு பாக்கத்தான்." மகள் பக்கம் திரும்பினார். "சார் அன்னிக்கி சொன்னது நெசம்தான்மா. திருடனேன்."

சொர்ணம் அவரை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்.

நான் வெளியே போய் நிற்கிறேன் என்று எழுந்தேன். வேம்புலி தடுக்கவில்லை. வாசலில் விழுந்துகிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். திறந்த கதவு வழியாக உள்ளே தெரிந்தது, பேசுவதும் கேட்டது. கேட்கக்கூடாது என்று தோன்றியது, ஆனால் நகர முடியவில்லை.

வேம்புலி எழுத்துக்கூட்டி முதல் கேள்வியை வாய்க்குள் படித்துக்கொண்டார். பிறகு சத்தமாக, "நைட்ல தூக்கம் வர்தாம்மா உனுக்கு?" என்று கேட்டார். எங்கள் பேராசிரியர் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பை அவர் ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார்.

"நீ சொல்லிக் குடுத்த மாரி சொல்லட்டுமா நைனா, நெசத்தச் சொல்லட்டுமா?" என்றாள்.

"நெசத்த சொல்லு."

"வர்ல நைனா."

அப்படியே ஒவ்வொன்றாகப் போனது. சாப்பிட முடியுதா. ஆளுங்க நடுவுல நிக்க பயமா கீதா. கிளாஸ்ல சொல்றது புரியுதா. அங்கேதான் அவள் உடைந்தாள். எல்லாம் இங்கிலீஷ் நைனா, ஒண்ணுமே ஏறல, அரைப் பரீச்சைல எல்லாத்துலயும் பெயிலு, கார்டுல உன் கையெய்த்த நானே போட்டுக் குடுத்துட்டேன், தெருவுல எல்லாரும் டாக்டரம்மான்னு கூப்பிட்றப்போ ஓடி ஒளியணும்போல கீது என்று ஒரே மூச்சில் கொட்டினாள். எல்லாத் தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர், மகளின் மார்க் கார்டைக் கேட்டதே இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். கன்னியம்மா விசும்புவது கேட்டது. வேம்புலி திட்டவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போனார்.

இருபத்தைந்து. இருபத்தாறு. அப்புறம் கொஞ்சம் தடுமாறி, "கை கால் நடுங்குதாம்மா?" என்றார். அது இருபத்தெட்டாவது.

"ஒண்ண உட்டுட்ட நைனா" என்றாள் சொர்ணம்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ விவசாயிகளுக்கு உரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அது... அன்னிக்கி நீ போட்டது... இன்னமும் அப்பிடித்தான் கீதா?" என்று கேட்டார் வேம்புலி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு அவள் 'எப்போதும்' என்று தாள் கிழிய டிக் போட்டிருந்தாள். இப்போது வெகுநேரம் யோசித்தாள். நான் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சில சமயம் நைனா" என்றாள்.

வேம்புலி அதை அப்படியே நம்பினார். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, இருபத்தெட்டாவது கேள்வியை மறுபடி கேட்டார்.